பதிவேட்டில் இல்லாத ஊசி

என் இடது கை தோள் மட்டத்துக்கு மேல் ஏறாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியாது. கொடியில் ஈரச் சேலையை வீசிக் காயப்போட முடியாது. பார்க்கிறவர்கள் வாதமா என்று கேட்பார்கள். இல்லை, தடுப்பூசி போட்டதில் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னால், "ஊசி போட்டா கை போவுமா?" என்று என்னிடமே திருப்புவார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். போகுமா போகாதா என்று அரசாங்கத்திடமே மூன்று வருஷம் கேட்டு அலைந்தவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது?

தொண்ணூறுகளின் கடைசி அது. விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவில், மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற ஒரு சின்ன ஊரில் நான் பால்வாடி டீச்சராக இருந்தேன். பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும். ஊருக்குள் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. காலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மதியம் சோறு போட வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி, உத்தரத்தில் தொங்குகிற தராசில் உட்காரவைத்து எடை எழுத வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். இதெல்லாம் போக, தடுப்பூசி நாளன்று ஆள் சேர்த்துக் கொடுப்பதும் என் தலையில்தான் விடிந்தது.

நர்ஸ் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் மூன்று மணிவரை வேறு பஸ் கிடையாது. அதற்குள் ஐஸ் கரைந்துவிடும், மிச்ச மருந்து கெட்டுவிடும். ஆக, எல்லாம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அவள் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். ஆட்கள் இருக்கும்போது நான் அவளைச் சிஸ்டர் என்பேன். தனியாக இருந்தால் ஏட்டிதான். மாதம் ஒருமுறை அவள் தூக்குச்சட்டியும் என் தூக்குச்சட்டியும் ஒன்றாகத் திறக்கும்.

ஊர்ப் பெண்கள் ஊசிக்குப் பயந்தார்கள் என்றால் அது அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். டி.டி. என்கிற ரணஜன்னி ஊசி போட்டால் இரண்டு நாளைக்குக் கை கனக்கும். மிளகாய்ப் பழம் எடுக்கிற பருவத்தில் இரண்டு நாள் கை கனத்தால் இரண்டு நாள் கூலி போச்சு. அதனால் ஒரு வழக்கம் உண்டாக்கி வைத்திருந்தார்கள். "மொதல்ல டீச்சருக்குப் போடுங்க, பாத்துட்டு நாங்க போட்டுக்கிடுதோம்" என்பார்கள். சொன்னபடி செய்வார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நானும் ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஊசி தேவையே இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் என்று வந்த மருந்து அது. என் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. நர்ஸ் வேண்டாம் அக்கா என்பாள். நான், போடு, இல்லாவிட்டால் பெட்டியைத் திறக்காமலேயே பஸ் ஏறுவாய் என்பேன்.

மூன்றாவது தடவைதான் கெடுத்தது. அன்று சூப்பர்வைசர் வருவதாகச் சொல்லியிருந்ததால் புதுச் சேலையும் புது ரவிக்கையுமாகப் போயிருந்தேன். கோவில்பட்டியில் தைத்த ரவிக்கை, கை முழங்கைவரை இறுக்கிப் பிடித்திருந்தது. சூப்பர்வைசர் வரவில்லை. பால்வாடி அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் பக்கத்தில் பஞ்சாயத்து டிவி அறையின் முகப்பில் உட்கார்ந்தோம். உள்ளே ஆண்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கர்ப்பிணிகளும் போன வருஷம் பிள்ளை பெற்றவர்களுமாகப் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதலாவதாக நின்றவள் தலைச்சன் பிள்ளைக்காரி, ஆறு மாத வயிறு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரவிக்கைக் கையைச் சுருட்டினேன். முழங்கைக்கு மேல் இரண்டு விரற்கடைகூட ஏறவில்லை. ஒரு கையை உருவ வேண்டுமென்றால் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? கழுத்துப் பக்கம் இழுத்துத் தோள் முனையை மட்டும் வெளியே காட்டினேன். பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் நின்றுகொண்டே குனிந்தாள். ஒரு கணம் தயங்கினாள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆள் சேரவே மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. நான்தான் போடு போடு என்று அவசரப்படுத்தினேன்.

ஊசி இறங்கியதும் எலும்புக்குள்ளேயே யாரோ ஆணி அடித்தது மாதிரி இருந்தது. கண் இருட்டியது. முன்னால் பதினொரு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சிரித்தேன்.

"வலிக்கா டீச்சர்?" என்று கேட்டாள் ஆறு மாதக்காரி.

"என்னத்த வலி? ஒண்ணுமே தெரியல. வா, வந்து உக்காரு" என்றேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேரும் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் தளர்ந்த ரவிக்கை போட்டிருந்தார்கள், கை லேசாக மேலே சுருண்டது, ஊசி சரியான இடத்தில் இறங்கியது. ஒருத்திக்கும் எதுவும் ஆகவில்லை. அதை நான் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு மறுநாளே கை தூக்க வரவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று பார்த்தேன், ஒரு மாதமாயிற்று. தோளை யாரோ களிமண் வைத்துப் பூசிக் காயவிட்டதுபோல இறுகிக்கொண்டே வந்தது. தலை வாரிக்கொள்ள முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டுக் கிடைக்காரர், ஊர் ஊராகப் புஞ்சைகளில் ஆடு அடைத்துவிட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிற மனிதர். வந்தவர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஊசி இறங்கிய இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"ஆட்டுக்குக்கூட அந்த எடத்துல குத்த மாட்டாவளே" என்றார்.

ஊரில் கேட்டபோது குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். ஊசியால் என்று சொன்னால் அடுத்த மாதம் ஒரு பிள்ளையைக்கூட எடுத்துவர மாட்டார்கள். அம்மை ஊசி, போலியோ சொட்டு என்று வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய் வாய் வலிக்கப் பேசிச் சேர்த்த நம்பிக்கை அது. என் தோளுக்காக அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அதனால் ஒரு பொய்யின்மேல் இன்னொரு பொய்யை ஏற்றிக்கொண்டேன். அதைப் பெரிய தியாகம் என்றுகூட அப்போது மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என் தோளில் மூன்று விரலை வைத்து அளந்து, இதற்குக் கீழேதான் சதை, அங்கேதான் போட வேண்டும், உங்களுக்கு மூட்டுக்குள்ளேயே மருந்தை இறக்கியிருக்கிறார்கள், அது உள்ளே புண்ணாகி ஒட்டிக்கொண்டது என்று விளக்கினார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதினார். இங்கிலீஷில் இருந்ததை வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் படிக்கச் சொன்னால், ஊசிக்குப் பிறகு வலி வந்ததாக நோயாளி சொல்கிறார் என்றுதான் இருந்தது. வாயால் சொன்னதற்கும் பேனாவால் எழுதியதற்கும் அவ்வளவு தூரம். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

வேலையில்தான் முதலில் இடித்தது. பிள்ளையைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது, சோற்றுப் பானையை இறக்க முடியாது. உதவிக்கு இருந்த ஆயா எனக்காகத் தூக்கினாள், இறக்கினாள். எத்தனை நாளைக்கு? சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, உடம்புக்கு ஆகவில்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளுங்கள், வேறு ஆள் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நேரத்தில், வேலைக்காக நடந்த காயம் என்று எழுத்தில் இருந்தால் அப்படி அனுப்ப முடியாது, வைத்தியச் செலவும் நஷ்டஈடும்கூடக் கேட்கலாம் என்று எங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். வழுக்கி விழுந்தவளுக்கு யார் கொடுப்பார்கள்? ஊசியால் என்று எழுத்தில் வர வேண்டும். அந்த ஒரு வரி வந்தால் வேலை தங்கும், வராவிட்டால் போகும். அவ்வளவுதான் கணக்கு.

திங்கட்கிழமை மனு நாளுக்குத் தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வீட்டுக்காரர் ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். வாசலில் மனு எழுதுகிறவர், தங்கள் பாதங்களில் விழுந்து கண்ணீரோடு வேண்டுகிறேன் என்று ஆரம்பித்தார். அதை அடியுங்கள் என்றேன். அடித்தால் மனு மாதிரியே இருக்காதே அம்மா என்றார். யார் காலில் நான் விழ வேண்டும், கையைத்தானே கெடுத்தார்கள் என்று பேப்பரைப் பிடுங்கி நானே எழுதினேன். எந்த மாதம், எந்த இடம், யார் போட்டது, ஏன் போட்டது, கை என்ன ஆயிற்று என்று எழுதி, நஷ்டஈடு வேண்டும் என்று முடித்தேன். கலெக்டர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்பந்தப்பட்ட துறைக்கு என்று மேலே எழுதினார்.

சம்பந்தப்பட்ட துறை என்றால் என்ன என்று பிறகுதான் தெரிந்தது. மனு ஒவ்வொரு மேஜையாக இறங்கியது. மாவட்ட ஆபீசிலிருந்து வட்டாரத்துக்கு, வட்டாரத்திலிருந்து சுகாதார நிலையத்துக்கு, அங்கிருந்து கடைசியாக யார்மேல் மனுவோ அவளிடமே பதில் எழுதச் சொல்லி வந்து சேர்ந்தது. ஏழு மாதம் கழித்து எனக்கு வந்த பதில் நர்ஸ் எழுதிக் கொடுத்ததுதான். தாங்கள் குறிப்பிடும் நாளில் பயனாளிகள் பதினொரு பேர், அதில் தங்கள் பெயர் இல்லை, ஒரு ஊசி அளவு மருந்து வீணானது என்று பதிவேட்டில் உள்ளது. அவ்வளவுதான்.

வீணானது என்று எழுதியிருக்கிறாள்! என் தோளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு என்னைத் தின்கிற மருந்து, பதிவேட்டில் வீணாகப் போய்விட்டதாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அவள் பின்பக்கம் சிரிஞ்சு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"பட்டியல்ல இல்லாத ஆளுக்குப் போட்டேன்னு நான் எப்படிக்கா எழுதுவேன்?" என்றாள். "மூணு மொறையும் வீணானதுன்னுதான் எழுதிருக்கேன். ஒண்ணத் திருத்துனா மூணையும் கேப்பாவ. என் வேலை போயிரும்க்கா."

"என் வேலை போனா பரவால்லையாட்டி?"

அவள் அழுதாள். எனக்கு அந்த அழுகையைப் பார்க்க இன்னும் வெறி ஏறியது. எத்தனையோ தடவை ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறோம் என்பதெல்லாம் அப்போது எங்கே நினைவுக்கு வருகிறது? என் கையைக் கெடுத்த உன் கை விளங்காமல்தான் போகும் என்று சொல்லிவிட்டேன். நோயாளிகள் நாலைந்து பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுகூட, நன்றாகக் கேட்டேன் என்றுதான் இருந்தது.

மறுபடி மனு கொடுத்தேன். இந்தத் தடவை, ஊசி போட்டதைப் பார்த்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள், அவர்களை விசாரியுங்கள் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. பதினொரு பேருக்கும் என் கை எதனால் போயிற்று என்றே தெரியாது. வழுக்கி விழுந்தேன் என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன்! சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் ஊசி நாளன்று பெஞ்சு காலியாகக் கிடக்கும்.

நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் விட்டுவிடு என்றார், கிடையில் ஆடு பெருகுகிறது, உன் சம்பளம் இல்லாமல் நாம் என்ன பட்டினியா கிடக்கப்போகிறோம் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பதினாலு வருஷம் டீச்சர் என்று கூப்பிட்டவர்கள் நாளைக்கு என்னை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல? அந்த அறையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது என்று மட்டும் சொன்னேன்.

சத்துமாவு கொடுக்கிற நாளில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். விழவில்லை, ஊசியால்தான் கை இப்படி ஆனது. மருந்து நல்ல மருந்து, போட்ட இடம்தான் தப்பு. ரவிக்கையைச் சரியாகக் கழற்றிக் காட்டாதது என் தப்பு, அவசரப்படுத்தியது என் தப்பு. டாக்டர் அளந்து காட்டியதுபோல மூன்று விரல் வைத்து அளந்து காட்டினேன். அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றாளே, அந்த ஆறு மாதக்காரி, அவள் மகனுக்கு இப்போது இரண்டு வயது நெருங்கியிருந்தது, இடுப்பில் வைத்திருந்தாள். அவள்தான் எழுந்தாள்.

"வலிக்கலன்னு சொன்னீயளே டீச்சர். ஒங்க மொகத்தப் பாத்துத்தான நான் வந்து உக்காந்தேன்."

"வலிக்குதுன்னு சொல்லிருந்தா நீ உக்காந்திருப்பியா?" என்றேன்.

"உக்காந்திருக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லிருக்கணும்லா?"

மாவை வாங்காமலேயே போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். அவள் கேட்டதில் என்ன தப்பு இருக்கிறது? அடுத்த ஊசி நாளில் மூன்றே மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஐந்து. வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கதவைத் திறந்தவர்கள் முதலில் என் தோளைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். பழைய நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

விசாரணை சுகாதார நிலையத்தில் வைத்தே நடந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், நரைத்த மனிதர், கடுகடுப்பெல்லாம் இல்லை. யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். மினி பஸ்ஸிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். மிளகாய்ப் பழம் எடுக்கிற நாள், கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் அந்த ஆறு மாதக்காரிதான், மகன் இடுப்பில். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தாளே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அதிகாரி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். டீச்சருக்கு ஊசி போட்டதைப் பார்த்தீர்களா? பார்த்தோம். எங்கே போட்டார்கள்? தோள் உச்சியில். எழுதிக்கொண்டார். எனக்குள் ஒரு தெம்பு வந்தது. அப்புறம் இன்னொரு கேள்வி கேட்டார்.

"ஊசி போட்டதும் டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே தெரியலன்னாவ. சிரிச்சாவ" என்றாள் முதலாமவள்.

இரண்டாமவளும் அதையே சொன்னாள். மூன்றாமவளும் அதையே சொன்னாள். ஒன்பது பேரும் சொல்லிவைத்த மாதிரி, ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதையே சொன்னார்கள். எனக்கு நல்லது செய்ய வந்தவர்கள், உள்ளதைச் சொன்னார்கள். என் பொய்யை ஒன்பது உண்மையான வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல, நான் அதிகாரி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடு புதைத்தால்கூட அப்படி இருக்காது. அதிகாரி ஒவ்வொரு தடவையும் குனிந்து எழுதினார். வலி இல்லை என்று மனுதாரரே பலர் முன்னிலையில் கூறியுள்ளார் என்று அவர் எழுதியது தலைகீழாகவே எனக்குப் படிக்க வந்தது.

கடைசியாக நர்ஸைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டை மார்போடு பிடித்திருந்தாள். இதில் வீணானது என்று இருக்கிறதே, இவர்கள் எல்லாரும் டீச்சருக்குப் போட்டதைப் பார்த்தோம் என்கிறார்களே, என்ன சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே அவளுக்கு ஒரு வழி இருந்தது. இந்தப் பெண்கள் எல்லாம் டீச்சரின் ஆட்கள், சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னோடு முடிந்துபோயிருக்கும். சொல்வாள் என்றுதான் நான் காத்திருந்தேன். சொன்னால் எப்படிக் கத்த வேண்டும் என்றுகூட மனசுக்குள் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"போட்டது நான்தான் சார்" என்றாள். "அக்கா பேரு பட்டியல்ல கெடையாது. அவிய போட்டுக்கிட்டாத்தான் மத்தவிய போட்டுக்கிடுவாவ. அதுக்காவ மூணு மொற போட்டேன். மூணையும் வீணானதுன்னு எழுதுனேன். கடைசி ஊசி எறங்குன எடம் தப்பு சார். எனக்கு அப்பவே தெரியும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போட்டுட்டேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் அம்மா, இதை எழுதினால் எழுதியதுதான் என்றார். எழுதுங்கள் சார் என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மனுதாரர் பயனாளி அல்லர், தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார், இதற்கு நஷ்டஈடு வழங்க விதிகளில் இடமில்லை. அடுத்த பத்தியில், தடுப்பூசிப் பணியின்போது மனுதாரருக்கு ஊசி செலுத்தப்பட்டதும் அதன்பின் தோள் பாதிக்கப்பட்டதும் உண்மையெனத் தெரியவருகிறது. அதற்குக் கீழே, பதிவேட்டில் தவறான பதிவுகள் செய்த நர்ஸுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், இடமாற்றம். பணம் ஒரு பைசா வரவில்லை. ஆனால் அந்த நடுப் பத்தியை நான் சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, சரி, தூக்குகிற வேலையெல்லாம் ஆயா பார்க்கட்டும் என்றார். நின்றுகொள்ளுங்கள் என்ற பேச்சு அதன்பிறகு எழவே இல்லை. ஓய்வு பெறுகிறவரை அதே அறையில்தான் இருந்தேன்.

நர்ஸைக் கயத்தாறுக்கு அப்பால் எங்கோ மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். நான் போய்ப் பார்க்கவில்லை. என்ன முகத்தோடு போவது? ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், கையில் ஒரு பையோடு அவளே எதிரே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். நான் டீ வாங்கினேன்.

வேலை இருக்கிறதா அக்கா என்று முதலில் அதைத்தான் கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் முகம் நிஜமாகவே மலர்ந்தது. அது போதும் என்றாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். இப்போது ஊசி போடுவதில்லையாம், பதிவேடு எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். ஏன் என்றேன். டீக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஊசிய எடுத்தா கை நடுங்குதுக்கா" என்றாள். "பச்சப் பிள்ளையளுக்குப் போடணும்லா, பயமா இருக்கு. டாக்டர்ட்ட காமிச்சேன், ஒண்ணும் இல்லங்காவ."

நான் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்திருப்பாள்போல. சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், கெட்டுப்போன இடது கையை.

"நீங்க அன்னைக்கு ஏதோ கோவத்துல சொன்னீய. அதனால எல்லாம் இல்லக்கா. அப்படி நெனச்சிராதீங்க."

கயத்தாறு பஸ் வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் ஏறினாள். என் தோளுக்கு நஷ்டஈடு கேட்டு மூன்று வருஷம் படி ஏறி இறங்கினேன், எந்த ஆபீஸ், எந்த மேஜை என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் கை நடுங்குவதற்கு அவள் யாரிடமும் மனு கொடுக்கவில்லை. கொடுப்பதாக இருந்தால் என்மேல்தான் கொடுக்க வேண்டும்.